கல்லை வேகவைக்கும் சர்க்கார்

காவலூரில் எண்ணெய் இல்லை. அந்த ஊருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடங்கள் தெரியும். சுற்றிலும் ஜவ்வாது மலை. சாமை விளையும், பலா காய்க்கும், தேன் கிடைக்கும். தரைக்கு அடியில் கிடப்பதோ சார்னோக்கைட், நைஸ் என்று புவியியல்காரர்கள் சொல்லும் கெட்டிக் கல். பூமியின் அடிவயிற்றில் 700, 800 டிகிரிச் சூட்டில் வெந்த கல். வயது இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல். பூமியே அவ்வளவு சூட்டில் வேகவைத்தும் ஒரு சொட்டு எண்ணெய் விடாத கல் அது. இனி எந்த அமைச்சகம் வந்து அடுப்பு மூட்டினாலும் விடாது.

அந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதையும் நம் விஷயத்துக்குப் பொருத்தமானதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்ட் ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் கல்லறை கட்டினார்கள். அதற்குப் போட்ட கல், நம் சென்னைப் பக்கத்துக் கல். பின்னால் அதை ஆராய்ந்த வெள்ளைக்காரர் கல்லுக்குச் செத்தவர் பெயரையே வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கம்பெனியுடையது. கல்லுக்கு அடியில் பிற்காலத்தில் கிடைத்ததற்கெல்லாம் இதே ஏற்பாடுதான்.

எண்ணெயே இல்லாத ஊரைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச்சு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தை 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் திருத்தி முடித்தது. பழைய சட்டம், திருத்தட்டும். 'கனிம எண்ணெய்' என்றால் எதெது என்ற இடத்தில் பட்டியலை நீட்டினார்கள். கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, ஷேல் எண்ணெய் என்று போகிற அந்த வரிசையில் சத்தம் போடாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் ஷேல். பெயரில் எண்ணெய் உண்டு, பாறையில் கிடையாது. சூடாக்கினால் எண்ணெய் ஆகக்கூடிய ஏதோ ஒன்று மட்டும் உண்டு. நம் அரசியல் கட்சிகளின் கொள்கை மாதிரி என்று எழுத வந்தது. கல் கோபித்துக்கொள்ளும், விட்டுவிட்டேன்.

அதே சட்டத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. விதியை மீறினால் முன்பு ஆறு மாதம் வரை சிறை. இப்போது சிறை கிடையாது. 25 லட்சம் ரூபாய் வரை அபராதம். கட்டிவிட்டுக் கிளம்பலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் கதிராமங்கலம் வரும். அங்கே சிறை காலியாக இருக்கவில்லை.

முதலில் சமையல் குறிப்பைப் பார்த்துவிடுவோம். ஷேல் என்ற ஒரே பெயரில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. ஒன்றில், பாறை இடுக்கில் முதிர்ந்த எண்ணெயும் வாயுவும் ஏற்கெனவே சிக்கிக் கிடக்கும். தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் பெரும் அழுத்தத்தில் அடித்துப் பாறையைப் பிளந்து எடுப்பார்கள். அமெரிக்கா காசு பார்த்தது இதில்தான். இன்னொன்றில், பாறைக்குள் கெரோஜென் என்ற பச்சைச் சரக்கு மட்டும்தான் இருக்கும். ஏரியிலும் கடலிலும் செத்த பாசி மக்கி, எண்ணெயாகாமல் பாதியில் நின்றுபோனது. அது எண்ணெயாக வேண்டுமானால் இன்னும் ஆழத்தில், இன்னும் கோடிக்கணக்கான ஆண்டு வேக வேண்டும். பூமிக்கு அந்தப் பொறுமை உண்டு. கம்பெனிக்குக் காலாண்டுக் கணக்குதான் உண்டு. ஆகவே பாறையை வெட்டி, நொறுக்கி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, 500 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறார்கள். கெரோஜென் உடைந்து ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். அந்த எண்ணெயையும் அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதல் தரப் பாறை என்று பேர் வாங்கியதே டன்னுக்கு நூறு லிட்டர் பக்கம்தான் தரும். மிச்சமெல்லாம் வெந்த கல். அதுவும் வெந்தால் உப்பும். வெட்டிய குழியிலேயே திரும்பக் கொட்டினாலும் குழி கொள்ளாது. ஒரு கிலோ எண்ணெய் ஷேலில் இருக்கும் வெப்பத்தைப் போல சில மடங்கு ஒரு கிலோ வேர்க்கடலையில் இருக்கிறது. நம் கடலை விவசாயிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் தன் மானாவாரிக் காட்டை 'ஹைட்ரோகார்பன் வட்டாரம்' என்று அறிவித்துக்கொண்டு டெல்லிக்கு மனு போட்டிருப்பார். கடலைக்கு விலை கேட்டால்தான் கிடைக்காது. ஹைட்ரோகார்பனுக்குச் சலுகை கேட்டால் கிடைக்கும்.

இது புது வித்தையும் அல்ல. கல்லிலிருந்து எண்ணெயும் தாரும் எடுப்பதற்கு இங்கிலாந்தில் 1694-லேயே காப்புரிமை கொடுத்தாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் 1850-களில் தொடங்கிவைத்த தொழில் 1962-ல் மூடியது. தொழில் போய்விட்டது. வெஸ்ட் லோதியனில் சிவப்பு மலைகளாகக் குவிந்த வெந்த கல் போகவில்லை, இன்றும் நிற்கிறது. எஸ்தோனியா பல பத்தாண்டுகளாக இந்தப் பாறையை எரித்துத்தான் விளக்கேற்றியது. அங்கே கிவியோலி என்ற ஊரில் கழிவு மேட்டைப் பனிச்சறுக்கு விளையாடும் இடமாக்கிவிட்டார்கள். நம்மூராக இருந்தால் அந்த மேட்டின் மேல் ஒரு படகு இல்லம் கட்டி, தண்ணீர் எங்கே என்று யாராவது கேட்பதற்குள் திறப்பு விழா நடத்தியிருப்பார்கள்.

பெரிய கூத்து நடந்தது அமெரிக்காவில். கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்று மாநிலங்களுக்கு அடியில் லட்சம் கோடிப் பீப்பாய்க் கணக்கில் எண்ணெய் ஷேல் கிடக்கிறது. அரபு நாடுகளிடம் கையேந்த வேண்டாம் என்று 1980-ல் செயற்கை எரிபொருளுக்கென்றே அரசு ஒரு கழகம் ஆரம்பித்தது. எக்ஸான் கம்பெனி கொலராடோவில் காலனி என்ற திட்டத்தில் இறங்கியது. ஊர்கள் முளைத்தன. வீட்டு வாடகை ஏறியது. 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை. எக்ஸான் கணக்குப் போட்டுப் பார்த்துத் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அரசுக் கழகமும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

அப்புறம் ஷெல் கம்பெனி வந்தது. பாறையை வெட்டி எடுக்காமல் இருக்கிற இடத்திலேயே வேகவைக்கிறேன் என்றது. துளை போட்டு மின்சூடேற்றிகளை உள்ளே இறக்கி ஆண்டுக்கணக்கில் சூடாக்க வேண்டும். எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிடாதா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சுற்றிலும் துளைகள் போட்டுக் குளிரூட்டும் திரவத்தைச் செலுத்தி, மண்ணுக்குள் பனிச்சுவர் கட்டினார்கள். நடுவில் மின்சாரம் செலவழித்துச் சூடு, சுற்றிலும் மின்சாரம் செலவழித்துக் குளிர். எண்ணெய் எடுக்கத்தான் இவ்வளவும். 2013-ல் ஷெல் கடையைக் கட்டியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, நாம் சட்டத்தில் அதற்கு இலை போட்டிருக்கிறோம்.

நம் நாட்டில் எண்ணெய் ஷேல் இல்லாமல் இல்லை. அசாமின் நிலக்கரிப் பகுதிகளில் உண்டு. அதை ஆய்வு செய்தார்கள். நம் நாட்டில் ஆய்வுக்கு ஆயுசு கெட்டி.

இந்த வித்தையின் இன்னொரு கிளை ஷேல் எரிவாயு. இந்தியாவில் எடுக்கக்கூடிய ஷேல் எரிவாயு எவ்வளவு? 2012-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 6.1 லட்சம் கோடி கன அடி என்றது. 2013-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 96 லட்சம் கோடி என்றது. ஒரே நாட்டின் இரண்டு சர்க்கார் அலுவலகங்கள். இரண்டாமவர் கூடுதலாக ஒரு படுகையைச் சேர்த்துக் கணக்குப் போட்டார் என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். எந்த எண் காதுக்கு இனிமை என்று நீங்களே சொல்லுங்கள். அதே 2013-ல் டெல்லி ஷேல் கொள்கையை அறிவித்தது. ஓ.என்.ஜி.சி.க்கு முதல் கட்டமாக 50 வட்டாரங்கள். அதில் 9 காவிரிப் படுகையில். கிணறு தோண்டினார்கள், மாதிரி எடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள். வணிக உற்பத்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் ரகசியம். எண்ணெய் வர வேண்டும் என்று அவசியமில்லை, அறிவிப்பு வந்தால் போதும். அறிவிப்பில் அமைச்சருக்குப் படம், கம்பெனிக்குப் பங்கு விலை, ஆலோசகருக்குக் கட்டணம். அந்த நிலத்தின் மேல் நிற்பவனுக்கு மட்டும் போலீஸ்.

காவிரி டெல்டாக்காரர்களைக் கேளுங்கள். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கம்பெனிக்கு மத்திய அரசு உரிமம் தந்தது. 2011 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி அந்தக் கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்பு வந்த பிறகு, நாங்கள் அனுமதித்தது ஆய்வுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை, தாலி மட்டும் எடுத்துக் கொடுத்தோம் என்பது போல. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் அந்தத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30 அன்று, அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில் இறந்துபோனார். அ.தி.மு.க. ஆட்சி 2013-ல் திட்டத்தை நிறுத்திவைத்து 2015-ல் மறுத்தது. ஆக, மக்கள் ஐந்து வருடம் தெருவில் நின்று வாங்கியது ஒரே ஒரு 'வேண்டாம்'.

அடுத்த 'வேண்டும்' 2017 பிப்ரவரியில் வந்தது. இந்தத் தடவை நெடுவாசலில் ஹைட்ரோகார்பன். புதுக்கோட்டை மாவட்டத்து ஊருக்கு, கர்நாடகத்துக் கம்பெனி, டெல்லியின் கையெழுத்து. ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30. கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கொட்டியது. ஊர் கூடி நியாயம் கேட்டது. தடியடி விழுந்தது. போராட்டத்தில் முன்னின்ற பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டவர்களைக் கைது செய்தார்கள். வாரக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். குழாய்க்கு ஜாமீன் தேவைப்படவில்லை.

இப்போது அந்த 2025 திருத்தத்தை மறுபடி படியுங்கள். வயலில் எண்ணெய் கொட்டியது என்று கத்தியவனுக்குச் சிறை. விதியை மீறுகிற குத்தகைதாரருக்கு இனி சிறை வேண்டாம், பாவம், அபராதம் போதும். தொழில் செய்ய இலகுவான நாடு என்று நமக்குச் சர்வதேசச் சான்றிதழ் கிடைக்க வேண்டாமா?

2020-ல் நடந்தது இன்னும் ருசியானது. ஜனவரியில் டெல்லி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயுப் பரிசோதனைக் கிணறுகளுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம். பிப்ரவரியில் சென்னை ஒரு சட்டம் போட்டது. காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். பட்டாசு வெடித்தார்கள். முதலமைச்சருக்குக் 'காவிரிக் காப்பாளன்' என்று பட்டம் கொடுத்தார்கள். சட்டத்தின் உள்ளே போய்ப் பார்த்தால், ஏற்கெனவே நடக்கிற வேலைகள் நடக்கலாம். திருடன் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலுக்குப் பூட்டு. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அந்த வாசலுக்கும் வெளியே.

ஆட்சி மாறியது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 பரிசோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்தது. செய்தி வெளியே வந்து சத்தம் எழுந்ததும், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசு உத்தரவிட்டது. மாநிலத்தின் பெயரைத் தாங்கிய ஆணையம் என்ன கையெழுத்துப் போட்டது என்று மாநில அரசுக்கே பத்திரிகை படித்துத்தான் தெரிந்ததாம். நம்புவோம். நாம் எதைத்தான் நம்பவில்லை? 1996-ல் மூலிகையைக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுத்ததாகச் சொன்னதை நம்பினோம். அது சி.பி.ஐ. வழக்கில் போய் நின்றது. காட்டாமணக்கு நட்டால் டீசல் கொட்டும் என்றார்கள். 2011-12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு காட்டாமணக்கு எண்ணெய் என்று திட்டக் குழு இலக்கு வைத்தது. அந்த வருடம் வந்தது, போனது, டீசல் டீசலாகவே இருந்தது.

ஒரு பேச்சுக்கு, புவியியலை ஓரம் கட்டிவிட்டு, காவலூரில் எண்ணெய் ஷேல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

முதலில் ஒரு ஜீப் வரும். ரோட்டோரம் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல் நடுவார்கள். கேட்டால் 'ரோடு போடறோம்' என்பார்கள். மலைக்காரன் சந்தோஷப்படுவான். ஆறு மாதம் கழித்து திருப்பத்தூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். காலை பத்தரை மணிக்கு. மலையிலிருந்து முதல் பஸ் வந்து சேர்வதற்குள் பாதிக் கூட்டம் முடிந்திருக்கும். மேசையில் நானூறு பக்க ஆங்கில அறிக்கை. 'இப்பகுதி விவசாயிகள் முப்போகம் நெல் பயிரிடுகின்றனர்' என்று ஒரு வரி இருக்கும். தஞ்சாவூருக்கு எழுதியதை ஊர்ப் பெயரை மாற்றி அடித்திருப்பார்கள். எரியும் புகைபோக்கியின் வெளிச்சத்தில் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி குருடாகுமே என்று ஒரு விஞ்ஞானி எழுதிக் கொடுப்பார். அறிக்கையின் 'நன்மைகள்' பகுதியில் அதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கும்: இரவு நேரங்களில் கிராமத்துக்கு இலவச வெளிச்சம்.

அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து மைக்கைப் பிடிப்பார்.

"ஏன் சார், கல்ல சூடு பண்ணா எண்ணெ வருமா?"

"வரும் பெரியவரே. எல்லாம் விஞ்ஞானம்."

"சூடு பண்றதுக்கு எதப் போட்டு எரிப்பீங்க?"

"அது வந்து... ஆரம்பத்துல டீசல் ஜெனரேட்டர்."

"அந்த டீசல மலைக்குக் கொண்டார லாரிக்கு?"

"அதுக்கும் டீசல்தான்."

"அப்ப அந்த டீசலயே வித்துடலாமே சார். கல்லுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

கூட்டம் சிரிக்கும். அதிகாரி சிரிக்க மாட்டார், குறிப்பு எடுப்பார். நடவடிக்கைப் பதிவேட்டில் இப்படி ஏறும்: 'திட்டத்தின் எரிபொருள் தேவை குறித்துப் பொதுமக்கள் ஆர்வத்துடன் கேட்டறிந்தனர். கூட்டம் நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது.'

இதுவும் பழைய காலத்துக் கனவுதான். 2020 ஜனவரிக்குப் பிறகு பரிசோதனைக் கிணற்றுக்குக் கூட்டமே கிடையாது. பெரியவர் தன் கேள்வியைத் தன் மாட்டிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கற்பனை போதும். மலையில் எண்ணெய் கிடைத்தால் மலைக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஜவ்வாது மலையிலேயே நிஜ சாட்சி இருக்கிறது. சந்தனம். அதிலும் சூடாக்கித்தான் எண்ணெய் எடுக்கிறார்கள். வேரையும் வைரத்தையும் தூளாக்கி நீராவியில் வடிக்கிறார்கள். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்கு உலகச் சந்தையில் பேர் இருந்தது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. ஏலம் நடக்கும், வியாபாரிகள் வருவார்கள், கஜானா நிறையும். பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்கார் மரம் என்று வெகுகாலம் இருந்தது. தன் கொல்லையில் சந்தனக் கன்று முளைத்தால் மலைக்காரன் சந்தோஷப்படவில்லை, பயந்தான். மரம் காணாமல் போனால் முதல் விசாரணை அவனிடம். எண்ணெய் பாரிஸுக்குப் போயிற்று, வழக்கு ஆலங்காயத்தில் தங்கியது.

சந்தனம் தீர்ந்ததும் கூலி தேடி வெளியே போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். செத்தவர்களில் ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். செம்மரத்தை விலைக்கு வாங்கியவர் யார், கப்பல் ஏற்றியவர் யார் என்ற கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு தோட்டாவும் போகவில்லை.

இப்போது கல்லுக்கே வருவோம். ஷேல் எரிவாயுவுக்கு எப்படித் துளை போடுகிறார்கள் தெரியுமா? செங்குத்தாக இரண்டு மூன்று கிலோமீட்டர் இறங்குவார்கள். அங்கே துளையை வளைத்துத் திருப்பி, பாறைக்குள்ளேயே படுக்கைவாட்டில் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போவார்கள். இருட்டு, அழுத்தம், நூறு டிகிரிக்கு மேல் சூடு. எங்கே திரும்ப வேண்டும் என்று கருவி சொல்லும், திரும்புவார்கள். உண்மையிலேயே அசாத்தியமான பொறியியல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற ஊர். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. ரோடு முடிகிற இடம் வரை வந்தது. அங்கே இறக்கிவிட்டது. மிச்சத் தூரத்தைக் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் நடந்தாள்.

பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கி வளைந்து திரும்பத் தெரிந்த தேசத்துக்கு, பூமிக்கு மேல் சில கிலோமீட்டர் தார் ஊற்றத் தெரியவில்லை.

காரணம் கேட்டோம். எப்போதும் இருக்கிற காரணம்தான். வனத்துறை நிலம். வனப் பாதுகாப்புச் சட்டம் 1980. அனுமதி வர வேண்டும். கோப்பு போயிருக்கிறது என்றார்கள். சரி, சட்டம் என்றால் சட்டம். காடு முக்கியம். ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறோம். அந்தக் குழந்தை இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2023 ஆகஸ்டில் அதே வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ரோட்டுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கனிம வளத்தைத் தேடும் கள ஆய்வு, நிலநடுக்க அலை ஆய்வு ஆகியவற்றை, மத்திய அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இனி 'வனமல்லாத பயன்பாடு' என்று கருத வேண்டியதில்லை என்று சேர்த்தார்கள். அதாவது காட்டுக்குள் வெடி வைத்து அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது காட்டு வேலை. காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வர ரோடு போடுவது காட்டுக்கு விரோதமான வேலை.

இதை எழுதியவர்களுக்குப் பைத்தியம் இல்லை. தெளிவாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமை. ரோட்டுக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3, உட்பிரிவு 2. பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், ரோடு என்று பதின்மூன்று வசதிகளுக்கு வன நிலத்தைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பனிச்சுவர் வேண்டாம், 500 டிகிரி வேண்டாம், அமெரிக்க மதிப்பீடு வேண்டாம். ஒரு தீர்மானமும், அதைப் படிக்கிற ஓர் அதிகாரியும் போதும். முதலாவது கிடைத்துவிடும்.

மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபைக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் எது முன்னால் வருகிறதோ அன்றைக்கே போய் உட்காருங்கள். மைக்கில் நன்றியுரை வாசிக்கும் முன்பே எழுந்து, வன உரிமைச் சட்டம் 3(2)-ன்படி எங்கள் ஊருக்கு ரோடு வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். டெல்டாக்காரர்களும் ராமநாதபுரத்துக்காரர்களும் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் ஊர் எல்லைக்குள் பரிசோதனைக் கிணறு என்ற பெயரில்கூட எதுவும் வேண்டாம். 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்பார்கள். விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற வரை எழுந்து போகாதீர்கள். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.